43 வருஷத்துத் தக்கை

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த வாரத்துல, ரெண்டாவது ஃப்ளை ராட் செய்ய உட்கார்ந்தேன். (இறகுல செஞ்ச பொய்ப்பூச்சியை வீசி ட்ரவுட் பிடிக்கிற மெல்லிசான தூண்டில் கோல்தாங்க.) கோலைத் தேர்ந்தெடுக்க அஞ்சு நிமிஷம். கைப்பிடிக்குத் தக்கை வளையம் பொறுக்க ஒரு வாரம்!

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார்கள். முதலில் கல்கத்தா மூங்கில் (ஆமாங்க, நம்ம கல்கத்தாதான்). பிறகு தென்சீனத்து டொன்கின் மூங்கில் அதை ஓரங்கட்டியது. 1950-ல் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட, கண்ணாடியிழைக்கு அடிச்சது யோகம். 1973-ல் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் கோலோடு வந்ததும் அந்த யோகமும் முடிஞ்சது. ஆனா கிராஃபைட்லயும் கைப்பிடி பெரும்பாலும் பழைய தக்கைதான். கனமே இல்லை, ஈரக்கையில் வழுக்காது.

தக்கை என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலக உற்பத்தியில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில். முதல் உரிப்புக்கே மரத்துக்குச் சுமார் 25 வயசாகணும். அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருமுறை. நல்ல பட்டை மூணாவது உரிப்பில்தான். கூட்டிப் பாருங்க, 43 வருஷம்! அதையும் ஒயின் பாட்டில்காரங்க அள்ளிடுவாங்க. மட்டமான வளையங்களில் குழிகளைத் தக்கைத்தூளும் பசையும் வச்சு அடைச்சுடறாங்க. தண்ணியில புழங்கப் புழங்க அது உதிரும். என் முதல் ராட் அப்படித்தான் பல்லிளிச்சுது.

இந்தத் தடவை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தேன். ஆறரை அங்குலப் பிடிக்கு அரை அங்குல வளையம் 13 வேணும். 12 தேறியிருக்கு.