கார் யார் பெயரில்?

தியாகராய நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது. அங்கே அவர் பயன்படுத்திய அம்பாசடர் கார் இன்றும் நிற்கிறது. 4777 என்ற அதன் எண் பலருக்கு மனப்பாடம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே தியாகராய நகரில் ஹபிபுல்லா சாலையில்தான் நடிகை சாவித்திரி வாழ்ந்தார். அவரும் கார்களை விரும்பி வாங்கினார், தானே ஓட்டினார். அந்தக் கார்களைப் பார்க்க அந்தச் சாலைக்கு யாரும் போவதில்லை. அவை நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது ஒரு வாக்கியமாக மட்டுமே: "கார் கார் என்று வாங்கிக் குவித்தார், கடைசியில் எல்லாம் போயிற்று."

ஓர் ஆணின் கார் நினைவுச் சின்னமாகிறது, ஒரு பெண்ணின் கார் எச்சரிக்கைக் கதையாகிறது. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று கேட்டுப்பார்க்கலாம். பழைய காரின் வரலாறு இரும்பின் வரலாறு மட்டுமல்ல. யார் பெயரில் சொத்து இருந்தது, யார் கையில் சாவி இருந்தது, யாருக்குப் பழுது பார்க்கத் தெரிந்திருந்தது என்பதன் வரலாறும் அதற்குள் இருக்கிறது.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய பட்டறையைக் காப்பாற்றியது பெர்த்தாவின் சீதனப் பணம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா தன் இரண்டு மகன்களுடன், கணவரிடம் சொல்லாமல் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று இதைச் சொல்கிறார்கள். முதல் சாலையோரப் பழுதுபார்ப்பும் அதுதான் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் பொருத்தச் சொன்னார். ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். உடம்பில் அணிந்திருந்தவையே அவருடைய கருவிப் பெட்டி. ஆனால் காப்புரிமையில் அவர் பெயர் இல்லை.

1909இல் இங்கிலாந்தில் டோரதி லெவிட் என்ற கார்ப் பந்தய வீராங்கனை பெண்களுக்காகவே கார் பற்றி ஒரு நூல் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று அதில் யோசனை சொல்கிறார். எஞ்சினை எப்படிக் கவனிப்பது என்றும் சொல்கிறார். அந்தக் காலத்துக் காரை ஓட்ட வேண்டுமானால் அதைத் திறந்து பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு அது வராது என்ற எண்ணம் காரோடு பிறந்ததல்ல. பிறகு சேர்த்துக் கட்டியது.

சென்னைக்கு வருவோம். குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் முதலில் கார் ஓட்டிய பெண் என்று குறிப்பிடப்படுபவர் சூசான் டாட்டா. ஆண்டு 1905, ஊர் பம்பாய். அன்றைக்குத் தியாகராய நகர் பெரும்பகுதியும் ஏரி. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து இந்த நகரை உருவாக்கி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். அகலமான சாலைகள், நடுவே பனகல் பூங்கா, வீட்டுக்கு முன்னால் போர்ட்டிகோ, பின்னால் கார் ஷெட், ஷெட்டின் மேல் டிரைவர் தங்க ஓர் அறை. காரை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் இங்கே பல. கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோக்கள் எழுந்த பிறகு சினிமாக்காரர்கள் இங்கே குடிவந்தார்கள். பியூக், பிளிமத், செவ்ரலே எல்லாம் பாண்டி பஜாரில் உலவின.

அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் பெயரில் கார் வைத்திருக்க முடியுமா? பெரும்பாலான குடும்பங்களில் முடியாது. மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு இல்லை. 1956 சட்டம் பாதிக் கதவைத்தான் திறந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. ஆனால் இசையும் நடனமும் பயின்ற தேவதாசி மரபுக் குடும்பங்களில் பெண்களே சம்பாதித்தார்கள், பெண்கள் வழியே சொத்து இறங்கியது. அப்படியொரு தஞ்சாவூர்க் குடும்பத்திலிருந்து வந்தவர் டி.ஆர்.ராஜகுமாரி. பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ஒரு திரையரங்கம் கட்டினார். நகரின் பெண் உடைமையாளர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள், சமூகம் "குடும்பப் பெண்" என்று ஏற்க மறுத்தவர்கள்தான். அவர்களுடைய சொத்தைப் பார்த்து எழுந்த முணுமுணுப்பில் பாதி, அந்தச் சொத்து ஓர் ஆணின் பெயரில் இல்லையே என்பதுதான்.

சாவித்திரியின் காலம் வருவதற்குள் இன்னொன்று மாறியிருந்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கக் கம்பெனிகள் இந்தியாவில் கார் பூட்டும் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டன. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவருக்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்காததைப் புதுப்பேட்டையில் தேட வேண்டும். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பார்கள். அங்கேயும் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து எடுக்க வேண்டும். பிரேக் ரப்பர் ஊதிப்போகும், ரேடியேட்டர் மே மாதத்தில் கொதிக்கும், மழைக்காலத்தில் தரைத் தகடு துருப்பிடிக்கும். டிங்கரிங்காரர் தகட்டைத் தட்டி ஒட்டுவார், பெயிண்டர் மேலே பூசுவார். சொகுசுக் கார் என்று நாம் சொல்வது, ஓயாமல் உழைக்கும் பல கைகளுக்கு மேல் பூசிய மினுக்கு. கிரீஸ் படிந்த அந்தக் கைகளின் பெயர்களும் எந்த அருங்காட்சியகப் பலகையிலும் இல்லை. அந்தப் பட்டறைகளுக்குள் பெண்கள் நுழைந்து தொழில் கற்கும் வழியும் இல்லை. வீட்டில் வரவு செலவு எழுதிய பெண்ணுக்கு ஒவ்வொரு பழுதின் விலையும் தெரியும். பழுது என்னவென்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தப் பின்னணியில் சாவித்திரியைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கார் ஓட்டுவதில் இருந்த ஆசையைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. 1968இல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தின் மூலம் இயக்குநரானார். 1971இல் 'பிராப்தம்' படத்தைத் தமிழில் தயாரித்து இயக்கினார். அது பெரும் நட்டத்தில் முடிந்தது. கடனும் வரிச் சுமையும் சேர்ந்தன, சொத்துகள் கைவிட்டுப் போயின. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று இறந்தார்.

படம் எடுத்து நொடித்துப்போன ஆண் தயாரிப்பாளர்கள் கோடம்பாக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிப் பேசும்போது "தொழிலில் அடி வாங்கினார்" என்போம். சாவித்திரியைப் பற்றிப் பேசும்போது கார், குடி, ஆடம்பரம் என்று அடுக்குவோம். எம்.ஆர்.ராதா தன் இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. பணத்திமிரைக் கேலி செய்த கலகக்காரர் என்று ரசித்துச் சொல்வார்கள். அதில் எனக்கும் ரசனை உண்டு. ஆனால் அதே காரில் ஒரு நடிகை வைக்கோல் ஏற்றியிருந்தால் அதற்குப் பெயர் கலகமா, கிறுக்கா?

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். சூரியகாந்தம். தெலுங்குத் திரையில் கொடுமைக்கார மாமியார் என்றால் அவர்தான். 1962இல் வந்த 'குண்டம்மா கத' படத்தின் குண்டம்மா. அவர் பெயரைத் தங்கள் பெண்ணுக்கு வைக்கத் தெலுங்கர்கள் அஞ்சினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சென்னையில் வாழ்ந்த அவர் பழைய கார்களை வாங்கி, பழுது பார்த்துச் சீராக்கி, லாபத்துக்கு விற்றார் என்று தெலுங்கில் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த வியாபாரத்துக்கு என்ன வேண்டும்? எஞ்சின் சத்தத்தை வைத்து அதன் ஆயுளைக் கணிக்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக் சொல்லும் கூலியில் எவ்வளவு நியாயம் என்று தெரிய வேண்டும். திரையில் அடங்காப்பிடாரி என்று காட்டிய அதே கணக்கும் கறாரும் வெளியே ஒரு தொழிலின் மூலதனம். ஆனாலும் அவர் வாழ்க்கையில் இது ஓர் ஓரக் குறிப்பாகவே நிற்கிறது. ஓர் ஆண் செய்திருந்தால் "கார் வியாபாரி" என்று பெயருக்கு முன்னால் வந்திருக்கும்.

இன்று பழைய கார் பாரம்பரியமாகிவிட்டது. 2021இல் மத்திய அரசு, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய விதிகள் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற அடையாளம். 2023இல் ஏவிஎம் ஸ்டூடியோவில் பழைய கார்களுடன் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பாதுகாப்பது நல்லதுதான். ஆனால் ஒரு கார் 50 ஆண்டு நிலைக்க என்ன தேவை என்று யோசியுங்கள். கூரையுள்ள ஷெட், விற்க வேண்டிய நெருக்கடி இல்லாத குடும்பம், அடுத்த தலைமுறையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு வாரிசு. "தாத்தாவின் கார்" என்ற சொல் இயல்பாக வாயில் வருகிறது. "பாட்டியின் கார்" என்றால் பாட்டி பின் சீட்டில் உட்கார்ந்து போன கார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். கடனுக்கு விற்றது, வழக்கில் போனது, புதுப்பேட்டையில் பிரித்துப் போட்டது எல்லாம் பாரம்பரியக் கணக்கில் வருவதில்லை. பெண்களின் கார்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயின.

1993இல் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி, தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநரானார். பெர்த்தா பென்ஸின் பயணத்துக்கும் அதற்கும் இடையே 105 ஆண்டுகள். என் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? அம்மாவின் பெயரில் என்று சிலர் சொல்வார்கள். ஓட்டுவது யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். பெயர் வந்துவிட்டது, சாவி வரவில்லை. சாவி வந்த வீடுகளிலும் வண்டி நின்றுபோனால் பானெட்டைத் திறப்பது வேறு யாரோ.

கார் ஷெட்கள் இருந்த இடங்களில் இன்று துணிக்கடைகள். இரும்பைத் தேடி இனிப் பயனில்லை. ஆனால் பழைய பெட்டிகளில் இன்ஷூரன்ஸ் ரசீதுகள் இருக்கும், பட்டறைக் கணக்கு எழுதிய நோட்டுகள் இருக்கும், ஓட்டுநர் உரிமங்கள் இருக்கும். குப்பையில் போடுமுன் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், காரில் எங்கே போனீர்கள் என்பதோடு நிறுத்தாமல், யார் ஓட்டியது, யார் காசு, எப்போது விற்றீர்கள், ஏன் விற்றீர்கள் என்றும் கேட்டு எழுதிவையுங்கள்.