பெயர்ப்பலகையிலிருந்து இணையத்தளம் வரை

தலவாக்கலைக் கடைவீதியில் தேயிலைப் பொதி விற்கும் ஒரு சிறு வணிகர் தமது கடைக்கு இணையத்தளம் ஒன்று அமைத்துக்கொள்ள நினைத்தால், வடிவமைப்பாளரிடம் அவர் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்பதாகவே இருக்கும். அடுத்துக் கேட்பது, "பார்க்க அழகாக இருக்குமா?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தளம் யாருடைய பெயரில் பதிவாகும்? மலையகத்தின் ஒன்றரை நூற்றாண்டு வணிக வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தோன்றாது.

பிறர் பெயரில் போன தேயிலை

1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. 1883 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி, கொழும்பில் சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது.

ஏலத்துக்குச் சென்ற மரப்பெட்டிகளில் தோட்டத்தின் குறி பொறிக்கப்பட்டிருந்தது. தரகரும் கொள்வனவாளரும் அந்தக் குறியைக் கொண்டே சரக்கின் தரத்தை மதித்தனர். ஆனால் பெட்டி லண்டனுக்குப் போய்ப் பிரிக்கப்பட்டு, வேறு தோட்டங்களின் தூளுடன் கலக்கப்பட்ட பின் அந்தக் குறிக்கு வேலை முடிந்துவிட்டது. கடைக்கு வந்த வாடிக்கையாளர் கண்டது கலவை செய்து பொதியிட்டவரின் பெயரை மட்டுமே. 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் இந்த உண்மையை நன்கு அறிந்தவர். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்று அவர் விளம்பரம் செய்தார். உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது அவருடைய பெயர். கொழுந்து பறித்த கைகளின் ஊரோ, அது விளைந்த மலையோ அந்தப் பொதிகளில் இடம்பெறவில்லை.

இலங்கையர் தமது தேயிலையின் பெயரைத் தம்மிடம் வைத்துக்கொள்ள நீண்ட காலம் எடுத்தது. 1976 இல் இலங்கைத் தேயிலைச் சபை உருவாயிற்று. இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதியிடப்பட்ட தேயிலைக்கு மட்டுமே அதன் சிங்க இலச்சினையைப் பயன்படுத்தலாம் என்பது விதி. 1980களில் மெரில் பெர்னாண்டோ தமது புதல்வர்களான டில்ஹான், மாலிக் இருவரின் பெயர்களையும் இணைத்து 'டில்மா' என்னும் வணிகப் பெயரை உருவாக்கினார். விளைந்த நாட்டிலேயே பெயரும் தங்கினால் இலாபத்தின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கும் என்பதே அவருடைய வாதம்.

தலவாக்கலைக்கு இந்த வரலாற்றில் தனி இடமுண்டு. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்நகரின் அருகிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இயங்குகிறது. அரசுடைமையாகியிருந்த தோட்டங்களின் நிருவாகம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தனது பெயராகக் கொண்டது. ஊரின் பெயருக்கு வணிக மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முகவரி என்னும் உரிமை

மலையகத்தில் முகவரி என்பது எளிதில் கிடைத்த ஒன்றன்று. கொழும்பில் அச்சான பெர்குசன் விபரக்கொத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தது. உரிமையாளர் பெயரும் துரையின் பெயரும் இருந்தன. லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கோ வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. அவர் பெயருக்கு வந்த கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து எப்போது கைக்குக் கிடைக்கிறதோ அப்போதுதான் அவருடையதாயிற்று. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு திகதி கடந்த பின் வந்து சேர்ந்த கதைகள் தோட்டந்தோறும் உண்டு. தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கை இந்த நூற்றாண்டிலும் மலையக அரசியலில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

நகரத்துக் கடைக்காரரின் நிலை சற்று மேலானது. அவருக்குப் பிரதான வீதியில் இலக்கம் இருந்தது. கடைக்கு முன்னால் பெயர்ப்பலகை தொங்கியது. தொலைபேசி வந்த பின் அதன் எண்ணும் பலகையில் ஏறியது. ஆனாலும் அவருடைய பெயர் எட்டிய தூரம் பஸ் வந்து போகும் தூரமே. அந்த எல்லையை உடைக்கும் ஆற்றல் கொண்ட பெயர்ப்பலகையாக இணையத்தளம் வந்தது.

தமிழ் இணையத்துக்கு வந்த வழி

1993 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் திகதி, ஜெனீவாவிலுள்ள 'சேர்ன்' ஆய்வு நிலையம் வையவிரிவு வலையின் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 1995 இல் இலங்கையில் வணிக ரீதியான இணையச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்துகள் இணையப் பக்கத்தில் தோன்றின. 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின.

அக்காலத்தில் தமிழில் ஒரு வணிகத் தளம் அமைப்பது பெரும் சங்கடமான வேலை. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. தளத்துக்கு வருபவர் முதலில் அந்த எழுத்துருவைத் தமது கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் திரையில் தெரிவது பொருளற்ற எழுத்துக் குவியலே. இலங்கையில் பெருவழக்காயிருந்த 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று தட்டெழுதினால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைகள். மனிதக் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கோ அது எந்த மொழியும் அன்று. எனவே கடையின் பெயரைத் தமிழில் தேடியவருக்கு அந்தத் தளம் கிடைக்கவே இல்லை.

இந்தச் சிக்கலுக்குப் பல வடிவமைப்பாளர்கள் கண்ட குறுக்குவழி, தமிழ் வாசகங்களைப் படமாக்கி ஒட்டிவிடுவது. படம் எல்லாக் கணினிகளிலும் தெரியும் என்பது உண்மை. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த அன்றைய இணையத்தில் அது ஊர்ந்து ஊர்ந்தே இறங்கும். விலை மாறினால் படத்தை மீண்டும் வரைய வேண்டும். தேடுபொறிக்கு அப்போதும் எதுவும் தெரியாது.

யுனிகோட் என்னும் ஒருங்குறி இதற்கு விடையளித்தது. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி போன்ற இயங்குதளங்கள் பரவிய பின்னரே அது சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. பழைய எழுத்துருக்களில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்ற, ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய மாற்றியைப் பயன்படுத்தாத தமிழ் வலைப்பதிவர் அன்று அரிது. 2005 முதல் இலங்கை அரசின் 'நெனசல' அறிவகங்கள் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் திறக்கப்பட்டன. 2008 இல் தமிழுக்கான இலங்கைத் தர நிர்ணயம் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்புடன் வெளியானது. 2010 இல் இணைய முகவரியின் இறுதியில் '.இலங்கை' என்று தமிழிலேயே எழுதும் வசதி வந்தது.

இந்த இறுதி வசதி நம் ஊருக்கு எத்துணை தேவையானது என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் உணரலாம். ஆங்கிலத்தில் தலவாக்கலையின் பெயர் குறைந்தது மூன்று விதமாக எழுதப்படுகிறது. ஓர் 'எல்' போடுவோரும் உண்டு, இரண்டு போடுவோரும் உண்டு. முதலெழுத்துக்குப் பின் 'எச்' சேர்ப்போரும் உண்டு. டொரன்டோவில் இருந்து தேடும் உறவினர் எந்த எழுத்துக்கூட்டலைத் தட்டுவார் என்பது யாருக்கும் தெரியாது. தமிழில் எழுதினால் இக்குழப்பம் பெருமளவு நீங்கும்.

லயமும் உறுதியும்

தொழில்நுட்பத் தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. எஞ்சியிருப்பது உரிமை பற்றிய கேள்வி.

1994 இல் தொடங்கிய 'ஜியோசிட்டீஸ்' இலவசமாக இணையத்தில் இடம் தந்தது. ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் பல அங்கேதான் குடியிருந்தன. 1999 இல் அதனை வாங்கிய யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடிவிட்டது. பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் அத்துடன் போயின. பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. சிறு வணிகர்கள் கூகுளின் வணிக விபரப் பக்கத்தின் துணையுடன் இலவசமாக அமைத்திருந்த தளங்களை அந்நிறுவனம் 2024 மார்ச்சில் நிறுத்தியது. கடையின் விபரப் பக்கம் தொடர்ந்தது. கடைக்காரர் தமது சொந்தத் தளம் என்று எண்ணியிருந்தது மறைந்தது.

மலையக மக்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. நான்கைந்து தலைமுறைகள் பிறந்து, வாழ்ந்து, மாண்ட லய அறைக்குக் காணி உறுதி இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாம், முற்றத்தில் பூச்செடி வைக்கலாம், இடம் தோட்டத்துக்குரியது. இலவசத் தளமும் அத்தகைய லயம்தான். லய மக்களுக்கு வேறு வழி அளிக்கப்படவில்லை. கடைக்காரருக்கு வழி இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கட்டணம் செலுத்தித் தமது பெயரில் ஒரு முகவரியைப் பதிந்துகொள்ளலாம். இணையத்தில் காணி உறுதிக்கு மிக அருகில் வருவது அந்தப் பதிவே. உறுதி நிரந்தரம், பதிவோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதே வேறுபாடு.

பலரும் ஏமாறுவது இங்கேதான். தளத்தை வடிவமைக்கும் இளைஞர், வேலை விரைவாக முடியட்டும் என்று முகவரியைத் தமது பெயரிலும் தமது மின்னஞ்சலிலும் பதிந்துவிடுவார். தீய எண்ணம் எதுவும் இராது. இரண்டு ஆண்டுகளில் அவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விடுவார். புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல் அவருடைய பழைய மின்னஞ்சலில் கிடக்கும். கெடு கடந்தபின் அந்தப் பெயரை உலகின் எந்த மூலையில் உள்ளவரும் வாங்கிக்கொள்ளலாம். பொதியிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிட்ட முகவரி அப்போது வேறொருவரின் சொத்தாகிவிடும்.

நாணயமும் இதில் கவனிக்கப்பட வேண்டியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டொலரில் கட்டணம் செலுத்திய சிறு கடைகளுக்கு அது பேரிடி. இலங்கைக்குரிய முகவரியை ரூபாவிலேயே புதுப்பிக்கலாம் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஆகவே தளம் அமைக்க முற்படும் வணிகர்களுக்குச் சில வார்த்தைகள். முகவரி உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகட்டும். கடவுச்சொற்களை எழுதி வாங்கிக் கடைக் கணக்குப் புத்தகத்துடன் பூட்டி வையுங்கள். தளத்தின் முழுப் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். தமிழ் வாசகங்கள் படமாக இன்றி ஒருங்குறி எழுத்தாக இருக்கட்டும். விலையையும் தொலைபேசி எண்ணையும் நீங்களே மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். அழகைப் பற்றி அதன் பின்னர் பேசலாம்.

மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஆற்றோரத்து வீடுகளும் கடைகளும் அகற்றப்பட்டு வேறிடங்களில் அமைக்கப்பட்டன. 2012 இல் அத்திட்டம் செயற்படத் தொடங்கியது. பழைய இடத்தில் இன்று நீர் நிற்கிறது. இடம் மாறும்போது கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக முடிந்தது. அது கடைக்காரருக்குச் சொந்தமாயிருந்தமையே காரணம். இணைய முகவரிக்கும் இந்த விதியே பொருந்தும்.