அகமதாபாத் ஆலைகளும் நடுவர் முறையும்

1917-இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரை விட்டு ஓடிவிடாதிருக்க நூற்பாலை முதலாளிகள் கூலிக்கு மேல் கொடுத்துவந்த ‘பிளேக் போனஸ்’ என்னும் மிகைத்தொகையை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்த முற்பட்டதும், போர்க்கால விலைவாசியால் நொந்திருந்த தொழிலாளர் 50 விழுக்காடு கூலி உயர்வு கேட்டனர். தொழிலாளர் பக்கம் நின்ற அனசூயா சாராபாய், எதிரே முதலாளிகளுக்குத் தலைமை தாங்கிய அம்பாலாலின் தமக்கை. காந்தியோ இருவருக்கும் நண்பர்.

தரப்புக்கு மூவரும் தலைவராக மாவட்ட ஆட்சியரும் அமைந்த நடுவர் குழு, சில ஆலைகளில் அவசரப்பட்டு வேலைநிறுத்தம் நடந்ததைக் காரணம் காட்டி முதலாளிகள் விலகியதால் கலைய, பிப்ரவரி 22 அன்று கதவடைப்பு தொடங்கியது. நடுவருள் ஒருவராயிருந்த காந்தி தொழிலாளரின் தலைவராகி, கோரிக்கையை 35 விழுக்காடாகக் குறைத்து, மார்ச் 15 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். மார்ச் 18 அன்று ஏற்பட்ட உடன்பாடு விந்தையானது: முதல் நாள் 35, மறுநாள் 20, மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27½ விழுக்காடு என்று வகுத்ததன்மூலம், இரு தரப்பும் தத்தம் சொல்லைக் காத்ததாகக் கூறிக்கொள்ள அது இடம்விட்டது. நடுவரான பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா, ஆகஸ்டில் 35 விழுக்காட்டையே உறுதிசெய்தார்.

நோன்பு முதலாளிகளை நெருக்கியதைக் காந்தியே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் 1920-இல் நிறுவப்பட்ட நிரந்தர நடுவர் குழுவில் தொழிலாளர் சார்பில் அவரும், முதலாளிகள் சார்பில் மங்கள்தாஸ் கிர்தர்தாஸும் அமர்ந்தனர் என்பதிலிருந்து, நடுவருக்கு வேண்டியது பற்றற்ற நிலையைவிட இரு தரப்பும் ஏற்கும் மதிப்பே என அந்நகரம் கருதியதை உணரலாம்.

1947-இன் தொழிற்தகராறுகள் சட்டம் இம்மதிப்பின் இடத்தில் பதவியை வைத்தது. அச்சட்டத்தின் சமரச அலுவலர், இரு தரப்பையும் பேசவைத்து இணக்கம் காண முயல முடிந்ததேயன்றித் தீர்ப்பு வழங்க இயலவில்லை; முயற்சி தோற்றால் அவர் அரசுக்கு அறிக்கை அனுப்ப, அரசு விரும்பினால் வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. தீர்ப்பாயம் காத்திருக்கையில் சமரச மேசையில் விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? இரு தரப்பும் தாமே நடுவரைத் தேர்ந்துகொள்ளும் அகமதாபாத் வழக்கத்துக்கு 1956-இல் 10ஏ பிரிவு சட்ட வடிவம் தந்தபோதிலும், அவ்வழியை நாடியோர் சிலரே.