பகடையும் பஞ்சாங்கமும்

கேரி கைகாக்ஸ் எழுதி 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ என்ற கனத்த புத்தகத்தில், மந்திரங்களின் விதிவிலக்குகள், புதையல்களின் மதிப்பு, கூலியாட்களின் சம்பளம் என்று எண்ணிறந்த விஷயங்கள் பொடி எழுத்தில் நெருக்கி அச்சாகியிருக்க, காலத்தைப் பற்றிய ஒரு வாக்கியம் முழுவதும் பெரிய எழுத்துக்களிலேயே நிற்கிறது. நாளையும் நேரத்தையும் கண்டிப்பாகக் குறித்து வைக்காத ஆட்டம் அர்த்தமுள்ள ஆட்டமாக இருக்க முடியாது என்பது அதன் தாத்பரியம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துக்கொண்டு, நடுவர் வாயால் வருணிக்கும் உலகத்தில் பகடை உருட்டிச் சாகசம் புரியும் இந்தக் கற்பனை விளையாட்டுக்குப் பஞ்சாங்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கைகாக்ஸ் முன்பு இன்ஷூரன்ஸ் உத்தியோகம் பார்த்தவர் என்பதும் ஒரு காரணமோ என்று நான் எண்ணியதுண்டு. ஆனால் மெய்யான காரணம் அவருக்கு முந்தியது.

பிரஷ்ய சேனையில் இளம் அதிகாரியாயிருந்த ரைஸ்விட்ஸ், 1824-இல் தம் யுத்த விளையாட்டைப் பிரசுரித்தபோது, ஒரு காய் நகர்த்தலுக்கு இரண்டு நிமிஷம் என்று வரையறுத்து, படை எவ்வளவு தூரம் நடக்கும் என்பதையெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தைக் கொண்டே அளந்தார். சதுரங்கத்தில் காலம் இல்லை, முறை மட்டுமே உண்டு. இங்கோ முறை என்பதே காலத்தின் ஒரு துண்டாயிற்று. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் தம் ‘பிளாக்மூர்’ ஆட்டத்தை நடத்தினார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்த கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியிலிட்டு விற்றார்கள். இருவரும் யுத்த விளையாட்டுக்காரர்களாகையால், அந்தப் பழைய அளவுகோலும் பெட்டிக்குள் புகுந்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் ‘டர்ன்’ எனப்படும் ஒரு முறை பத்து நிமிஷம். பாதாள அறைகளில் ஒரு கூட்டம் அடிமேல் அடி வைத்து முன்னேற, நடுவர் தம் காகிதத்தில் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு கோடு கிழிப்பார். கோடு கிழித்ததும் பகடையை உருட்டுவார். ஆறு விழுந்தால் அலைந்து திரியும் ஜந்து ஏதேனும் எதிர்ப்படும். ஆறு கோட்டில் ஒரு கோடு இளைப்பாறுதலுக்குப் போய்விடும். பின்வந்த பதிப்புகளில் தீவட்டியும் ஆறு கோட்டோடு அவிந்துபோகும். சுவரைத் தட்டிப் பார்த்து ரகசியக் கதவைத் தேடலாமா என்று ஆட்டக்காரர்கள் தர்க்கம் செய்யும்போது, நடுவர் பேசாமல் பென்சிலைக் கையில் எடுப்பதைக் கண்டதும் தர்க்கம் தானே அடங்கும். பயத்தை வருணனையால் உண்டாக்குவதைவிட அந்தக் கோடுகளால் உண்டாக்குவது எளிது என்பது என் துணிபு.

வெளியே நாட்கணக்கும் உண்டு. மெய்யுலகத்தில் ஒரு வாரம் கழிந்தால் விளையாட்டுலகத்திலும் ஒரு வாரம் கழிந்ததாகக் கொள்ளுமாறு 1974-ஆம் ஆண்டுப் புத்தகம் விதித்தது. 1979-இல் கைகாக்ஸ், ஆட்டம் நடவாத நாட்களை நாளுக்கு நாள் என்று கணக்கிடச் சொன்னார். இது விசித்திரமாகத் தோன்றினாலும், அந்த நாளில் ஒரே தொடராட்டத்தில் நான்கு பேர் முதல் ஐம்பது பேர் வரை ஆட்டக்காரர் இருக்கலாம் என்றே 1974-ஆம் ஆண்டுப் புத்தகம் கருதியதை நினைத்தால் விளங்கும். இன்று ஒரு கூட்டம், நாளை மற்றொரு கூட்டம் என்று ஒரே குகைக்குள் பலரும் மாறி மாறி நுழைந்தார்கள். செவ்வாயன்று ஒருவர் கவர்ந்து சென்ற பொற்குடத்தை வியாழனன்று மற்றவர் அதே இடத்தில் காணலாகாது. காயம்பட்டுப் படுத்திருக்கும் வீரன் அதே நாளில் இன்னொரு காட்டில் வாள் வீசவும் ஆகாது. குறுவைக்கும் தாளடிக்கும் தனித்தனி ஏடு வைத்த மிராசு வீட்டுக் கணக்குப்பிள்ளையைப் போல், நடுவர் ஒவ்வொருவர் நாளையும் பிரித்தெழுதாவிட்டால் உலகமே சிக்குண்டு போகும்.

அப்படிக் கணக்கிட்டதால் காலம் ஒரு நாணயமாயிற்று. ஓய்விலிருந்தால், காயத்தால் குறைந்த உயிர்ப்புள்ளி நாளுக்கு ஒன்று மீளும். திறமையில் அடுத்த படிக்கு ஏறுமுன் ஒன்று முதல் நான்கு வாரம் பயிற்சி பெறவேண்டும். வேகத்தைக் கூட்டும் மந்திரத்துக்கு உட்பட்டவனுக்கு ஒரு வயது ஏறிவிடும். ஆனால் ஐம்பது பேர் சுருங்கி ஐந்து நண்பர்களாகி, அவர்களும் ஒரே தொடர்கதையைப் பின்பற்றத் தொடங்கியபோது, பஞ்சாங்கத்துக்கு வேலை குறைந்தது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்டு மணி நேரம் நெடிய ஓய்வு கொண்டால் இழந்த உயிர்ப்புள்ளிகள் யாவும் திரும்பிவிடுகின்றன. சௌகரியந்தான், ஆயினும் தீராத காயமில்லாத வீரன் இருபதாம் படிக்கு ஒரு கோடைக்குள் ஏறிவிடுவதைப் பார்க்கையில், உலகத்தை அழிவினின்று காத்தவனுக்கு மீசை நரைக்கவும் அவகாசமில்லையே என்று சிரிப்பு வருகிறது.

காலத்தை வேறு வழியில் ஆண்டவர்களும் இருந்தார்கள். 1977-இல் மார்க் மில்லர் வெளியிட்ட ‘டிராவலர்’ என்ற விண்வெளி விளையாட்டில் பாத்திரத்தை உண்டாக்கும்போதே நான்கு நான்கு ஆண்டுகளாகச் சேவை கழிகிறது. பகடை கைவிட்டால் ஆட்டம் தொடங்குமுன்பே ஆள் மாண்டுபோவான். ஆனால் கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் இயற்றிய ‘பென்டிராகன்’ செய்த காரியத்தை மற்றெதுவும் செய்யவில்லை. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய இந்த ஆட்டத்தில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சாகசம். அது முடிந்ததும் குளிர்காலம். வாளை மாட்டிவிட்டு, வீரன் தன் மாளிகையில் உட்காருகிறான். அவன் குதிரைகள் பிழைத்தனவா, நிலம் விளைந்ததா, கலியாணம் கூடிற்றா, மனைவி பிரசவித்தாளா, பிள்ளை தங்கிற்றா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை விழுகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவன் முதுமைக்கும் பகடை உண்டு. பலமும் உருவமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். அரக்கர் முன் அலட்டிக்கொள்ளாதவர்கள் இந்தப் பகடையை உருட்டும்போது கை தயங்குவார்கள்.

2006-இல் ஸ்டாஃபோர்ட் இந்த ஆட்டத்துக்கென வெளியிட்ட நெடுந்தொடர் கி.பி. 485-இல் ஆரம்பித்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் செல்கிறது. அமர்வுக்கு ஓர் ஆண்டாக வாரந்தவறாமல் கூடினாலும் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகும். ஆதலால் ஆர்தரின் தந்தை ஊதர் மன்னன் காலத்தில் களம் புகுந்த வீரன், ஆர்தரின் கடைசிப் போர் நடந்த காம்லன் களத்தைக் காணமாட்டான். அவன் பேரன் இருபத்தொரு வயதில் பட்டம் பெற்று, குதிரையேறி அங்கே வருவான். அவனுக்காகப் பகடை உருட்டுகிறவர் முதல் நாள் அந்தப் பாட்டனுக்காக உருட்டிய அதே ஆட்டக்காரர்.