மின்னாவின் இரண்டு கட்டிகள்

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கும் பெண்ணுக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மண்டை இடிக்கிறது. "காலையில சாப்பிட்டியா கண்ணு?" என்பார் பக்கத்து மிஷின்காரம்மா. சோடா வரும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பெரும்பாலும் அது பசிதான், நைட் ஷிப்ட்டின் தூக்கக்கேடுதான். மிக மிக அபூர்வமாக, அது ஃபியோகுரோமோசைட்டோமா.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 18 வயது மின்னா ரோலுக்கும் இப்படித்தான் வந்து வந்து போனது. அவள் இறந்த பின் உடலைத் திறந்தபோது இரண்டு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டி இருந்தது. டாக்டர் ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் 1886-ல் அதை எழுதி வெளியிட்டார். 1912-ல் லுட்விக் பிக் இந்தக் கட்டிக்கு இன்றுள்ள பெயரை வைத்தார். தானியங்கு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்த செல்கள் கட்டியாகி, நேரம் காலமில்லாமல் அட்ரினலின் வகைச் சுரப்புகளை ரத்தத்தில் கொட்டுகின்றன; பிபி எகிறுகிறது. அட்ரினலுக்கு வெளியே, கழுத்திலோ வயிற்றிலோ உள்ள நரம்பு முடிச்சில் வந்தால் அதற்குப் பாராகாங்கிலியோமா என்று பெயர்.

1926-ல் சுவிட்சர்லாந்தில் சீஸர் ரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் தனித்தனியே கட்டியை அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தார்கள். மேயோவுக்கு வயிற்றைத் திறந்த பிறகுதான் கட்டி இருப்பதே தெரிந்தது! நோயாளி பிழைத்ததை வெறும் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கை பட்டாலே கட்டி சுரப்பைப் பீய்ச்சும். பிபி உச்சிக்கு ஏறும். இன்று ஆபரேஷனுக்கு முன்பே ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை கொடுத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறார்கள். படபடப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் பிபி இன்னும் ஏறக்கூடும்.

எனக்கு உறுத்துவது மின்னாவின் அந்த இரண்டு கட்டிகள். ஒரு பக்கம் வந்தால் தற்செயல் எனலாம்; இளம் வயதில் இரு பக்கமும் வந்தால் குடும்பத்தை விசாரித்திருக்க வேண்டும். ஆனால் அன்று மரபணு என்ற பேச்சே கிடையாது. 2007-ல் மின்னாவின் உறவினர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, உயிரோடிருந்த நால்வரிடம் 'ரெட்' மரபணுக் கோளாறு இருந்தது. தைராய்டில் புற்றுநோயையும் கொண்டுவரும் கோளாறு அது.

அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்து அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் அளவு பார்க்கச் சொல்லும் டாக்டர், கூடவே சம்பந்தமில்லாதது போல ஒன்றைக் கேட்கிறார்: "உங்க வீட்டுல யாருக்காவது தைராய்டு கட்டி இருந்துச்சா? சின்ன வயசுலயே பிபி?"