பிரிட்டனில் குடியேறிகளுக்கான அரசு மருத்துவம்

பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவை (என்.எச்.எஸ்.) 1948 ஜூலை 5 அன்று, அனூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. அதன் செலவில் பெரும்பகுதியைப் பொது வரிகள் தாங்குகின்றன. தேசியக் காப்பீட்டுச் சந்தாவிலிருந்து ஒரு பங்கு வருகிறது. நோயாளி எவ்வளவு வரி கட்டினார் என்பது கணக்கில் வராது. முறையாக அந்நாட்டில் வசிக்கிறாரா என்பதே தகுதி. வெளிநாட்டில் நிலையாகக் குடியேறிவிட்ட பிரிட்டன் குடிமகன், விடுமுறைக்கு ஊர் வந்து மருத்துவமனையில் சேர்ந்தால் அவரிடமும் பணம் கேட்கலாம்.

வெளிநாட்டவரிடம் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் 1949-லேயே சட்டத்தில் இடம்பெற்றது. மருத்துவமனைகளில் அது நடைமுறைக்கு வந்தது 1982-ல்தான். 2014-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன்படி, 2015 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்பவர்கள் குடிவரவு சுகாதாரக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 200 பவுண்டாக இருந்த தொகை 2019-ல் 400, 2020-ல் 624, 2024 பிப்ரவரியில் 1,035 என உயர்ந்தது. மாணவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே கட்டிவிட வேண்டும்: ஐந்தாண்டு வேலை விசாவில் செல்லும் தம்பதியும் இரு குழந்தைகளும் என்றால் 18,110 பவுண்டு. வேலையில் சேர்ந்தபின் சம்பளத்தில் வருமான வரியும் காப்பீட்டுச் சந்தாவும் மற்றவர்களைப் போலவே பிடிக்கப்படும். ஒரே சேவைக்கு இருமுறை பணம் வாங்குவது நியாயமல்ல என்ற வாதம் வலுவானது. கோவிட் காலத்தில் எழுந்த எதிர்ப்பால், சுகாதார, பராமரிப்புப் பணி விசாவில் வருவோருக்கு மட்டும் 2020-ல் விலக்கு கிடைத்தது.

சுற்றுலாப் பயணிகளுக்கும் ஆவணமற்றோருக்கும் இங்கிலாந்து மருத்துவமனைகள் வழக்கமான செலவில் 150 சதவீதம் விதிக்கின்றன. அவசரமல்லாத சிகிச்சைக்கு 2017 அக்டோபர் முதல் முன்பணம் கட்டாயம். குடும்ப மருத்துவரைப் பார்ப்பதும், விபத்து அவசரப் பிரிவில் பெறும் சிகிச்சையும், காசநோய் போன்ற தொற்றுநோய் மருத்துவமும் எவருக்கும் இலவசம். அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியதும் கட்டணம் தொடங்கிவிடும். பிரசவத்தை மறுக்கக் கூடாது, ஆனால் பில் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் அடுத்த விசா மறுக்கப்படலாம். இந்த அச்சத்தால் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கே வராமல் ஒதுங்குவதுதான் இந்த விதியின் மிகப் பெரிய கேடு.

இலங்கைத் தமிழர் உள்ளிட்ட புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு, மனு பரிசீலனையில் இருக்கும்வரை சிகிச்சை இலவசம். மனு நிராகரிக்கப்பட்டால், அரசு உதவி பெறாத பலரிடம் இங்கிலாந்து கட்டணம் கேட்கிறது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் கேட்பதில்லை.