பன்னீர்: பெயர் வந்த வழியும் பண்டம் வந்த வழியும்

பன்னீர் என்பது கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு, புளித்த தயிர் போன்ற புளிப்புப் பொருளைச் சேர்த்துத் திரியவைத்து, திரண்டதைத் துணியில் வடித்து, பாரம் வைத்து அழுத்திச் செய்யப்படும் பால் உணவாகும். ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் போன்ற நொதிகளால் உறையவைக்கப்பட்டு, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முதிரவிடப்படுபவை. பன்னீருக்கு நொதியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். காலையில் கறந்த பால் மதியம் குழம்பில் கிடக்கும். அமிலத்தால் திரண்டதாகையால் அது சூட்டில் உருகுவதில்லை. மசாலாவில் கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும்.

'பனீர்' பாரசீகச் சொல். பாரசீகத்தில் அது எல்லாப் பாலாடைக்கட்டிக்கும் பொதுப்பெயர். துருக்கியர் அதையே 'பெய்னிர்' என்பர். தமிழில் 'பன்னீர்' என்றால் நெடுங்காலமாக ரோஜா மலரிலிருந்து வடித்த நறுமண நீர்தான். திருமண வாசலில் தெளிப்பதும் உணவக அட்டையில் மசாலாவோடு வருவதும் எழுத்தில் ஒன்றாகிவிட்டது அண்மைக்கால விபத்து.

பெயர் பாரசீகம் என்பதால் பண்டமும் வெளியிலிருந்து வந்தது என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். இதற்குத் துணையாக ஒரு கருத்தும் சொல்லப்படுகிறது. பாலை வேண்டுமென்றே திரியவைப்பது பண்டைய இந்தியரிடையே விலக்கப்பட்டிருந்தது, போர்த்துக்கீசியர் வங்காளத்தில் குடியேறிய பின்னரே அந்த விலக்கு தளர்ந்தது என்பது அது. உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சையாவின் நூல்கள் வழியாக இக்கருத்து பரவலாயிற்று. பால் திரிந்தால் முகம் சுளிக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு என்பதால், கேட்டவுடன் நம்பத் தோன்றுகிறது.

ஆனால் வேத வேள்வி நூல்கள் வேறு செய்தி சொல்கின்றன. சாதுர்மாஸ்ய வேள்வியில் காய்ச்சிய சூடான பாலில் தயிரை ஊற்றித் திரிப்பார்கள். திரண்ட கட்டிக்கு 'ஆமிக்ஷா' என்று பெயர். அது விசுவதேவர்களுக்குரிய படையல். பிரிந்த நீருக்கு 'வாஜினம்' என்று பெயர். அது வாஜின்கள் என்னும் தேவர்களுக்குரியது. தயிர் ஊற்றுவது கட்டிக்காகவா, நீருக்காகவா என்று மீமாம்சை அறிஞர்கள் தனியே வாதம் நடத்தி, கட்டிக்காகத்தான், நீர் உடன் கிடைப்பது மட்டுமே என்று முடிவு செய்தனர். பன்னீர் செய்யும் எவரும் ஒப்புக்கொள்ளும் முடிவு! தேவர்களுக்குப் படைத்த ஒன்றைத் தீட்டு என விலக்கியிருந்தார்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது சான்று சமையலறையிலிருந்தே வருகிறது. கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் தொகுத்த 'மானசோல்லாசம்' நூலின் உணவுப் பகுதியில் 'க்ஷீரப்பிரகாரம்' என்னும் இனிப்பு வருகிறது. காய்ச்சிய பாலில் புளிப்புச் சேர்த்துத் திரித்து, கட்டியைப் பிரித்து, அரிசி மாவு கலந்து உருட்டிப் பொரித்து இனிப்பூட்டுவது அதன் செய்முறை. போர்த்துக்கீசியக் கப்பல் இந்தியாவுக்கு வந்தது 1498இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது இந்தக் குறிப்பு.

போர்த்துக்கீசியர் தரப்புக்குக் காட்டப்படும் முக்கியச் சான்று, 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியேவின் பயண நூல். வங்காளத்தின் இனிப்புகள், குறிப்பாகப் போர்த்துக்கீசியர் வாழும் இடங்களில் செய்யப்படுபவை, பெயர் பெற்றவை என்கிறார் அவர். ஆயின் அங்கே அவர் விவரிப்பது சர்க்கரையில் பதப்படுத்திய பழங்களையே. திரிந்த பாலை அன்று. போர்த்துக்கீசியருக்குப் பங்கே இல்லை என்று இதனால் சொல்ல முடியாது. ஹூக்ளி ஆற்றங்கரையில் பாண்டேல் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் புகையூட்டிய பாலாடைக்கட்டி அவர்கள் விட்டுச்சென்றதாகவே கருதப்படுகிறது. ஆனால் பாலைத் திரிக்கவே அவர்கள்தாம் கற்றுத்தந்தார்கள் என்பது மிகை.

நொதி கொண்டு உறையவைக்கும் மரபும் இந்தியாவில் இல்லாமல் இல்லை. சூரத்தின் பார்சிகள் கூடைகளில் வார்த்துச் செய்யும் 'தோப்லி நூ பனீர்' ரென்னெட்டால் உறைவது. பாரசீகப் பெயரும் நொதி முறையும் ஒன்றுசேர இருப்பது அங்கேதான். வட இந்தியப் பன்னீரோ பெயரில் பாரசீகம், செய்முறையில் ஆமிக்ஷாவின் உறவு.

வங்காளத்திலும் ஒடிசாவிலும் திரிந்த பாலை அழுத்தாமல் ஈரத்தோடே பிசைந்து 'சேனா' ஆக்கினர். அதற்கு மென்மையாகத் திரளும் பசும்பாலே ஏற்றது. கொல்கத்தாவில் நொபின் சந்திர தாசு 1868இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ரசகுல்லா சேனாவில் ஆனதே. ஒடிசா அதற்கு உரிமை கோரியதும், 2017இல் வங்காளமும் 2019இல் ஒடிசாவும் தத்தம் வகைக்குப் புவிசார் குறியீடு பெற்றதும் தெரிந்த செய்தி. 1965இல் பால் தட்டுப்பாட்டின்போது மேற்கு வங்க அரசு சேனா இனிப்புகளுக்கே தடை விதித்தது என்பது பலர் அறியாதது.

பஞ்சாபில் எருமைப்பால் மிகுதி. கொழுப்பும் கேசீன் புரதமும் கூடிய அப்பாலில் கட்டி இறுகித் திரளும். கத்தியால் வெட்டிக் குழம்பிலிட ஏற்றது. மட்டர் பன்னீரும் பாலக் பன்னீரும் அந்த நிலத்தின் உணவுகள். 1947 பிரிவினைக்குப் பின் தில்லியில் குடியேறிய பஞ்சாபியர் திறந்த உணவகங்கள் வழியாகவே அவை நாடெங்கும் பரவின. தக்காளியும் வெண்ணெயும் சேர்ந்த கோழிக் குழம்பில் கோழிக்குப் பதில் பன்னீரை இட்டதே பன்னீர் பட்டர் மசாலா. தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதால், பழைமையானதாக நாம் எண்ணும் இந்தக் குழம்பு பன்னீரைவிட மிக இளையது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியால் பால் பெருகி, குளிர்பதன வசதியும் வந்தபின் தமிழ்நாட்டுக் கடைகளில் பொட்டலப் பன்னீர் சாதாரணமாயிற்று.